பலகையும் ஈரமும்: மரவேலை பழகுவோர்க்கு மரத்தின் அறிவியல்

மரம் வெட்டுப்பட்டு, அறுபட்டு, இழைக்கப்பட்டு, மேசையாகவோ அலமாரியாகவோ ஆன பின்பும் அதன் அளவு நிலையாக நிற்பதில்லை. காற்றில் ஈரம் கூடினால் விரிகிறது, குறைந்தால் சுருங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடைக்க மறுக்கும் கதவு சித்திரை வெயிலில் தானாகத் தளர்ந்துவிடுவது இதனால்தான். மரவேலையைப் பொழுதுபோக்காக எடுத்துக்கொள்பவருக்கு நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறக்கின்றன: பலகை வெடிக்கும், மேசையின் மேற்பரப்பு வளையும், இழுப்பறை சிக்கிக்கொள்ளும், ஒட்டு விட்டுப்போகும். தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்திருக்கும் இணைப்பு முறைகளில் பலவும் இந்த இயல்புக்குக் கண்ட விடைகளே. எனவே கருவிகளுக்குப் பணம் செலவிடும் முன் மரத்தின் உள்ளமைப்பைத் தெரிந்துகொள்வது நல்ல தொடக்கமாக அமையும்.

மரக்கட்டை பெரும்பாலும் இறந்த செல்களின் தொகுப்பு. பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் கேம்பியம் என்னும் மெல்லிய படலம் உட்பக்கமாகப் புதிய கட்டையையும் வெளிப்பக்கமாகப் பட்டையையும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. புதிதாகத் தோன்றிய செல் நீண்டு, சுவர் தடித்து, உள்ளிருக்கும் உயிர்ப்பொருளை இழக்கிறது. எஞ்சுவது உள்ளீடற்ற ஒரு குழாய். பைன் போன்ற ஊசியிலை மரங்களில் இக்குழாய்கள் 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமுள்ளவை. தேக்கு, மா, வேம்பு போன்ற அகன்ற இலை மரங்களின் நார்கள் ஏறத்தாழ 1 மி.மீ. நீளமே இருக்கும், ஆனால் நீரை ஏற்றுவதற்கென்றே அகலமான நாளங்கள் அவற்றில் தனியாக உண்டு. கட்டையின் வெட்டுமுகத்தில் கண்ணுக்குத் தெரியும் நுண்துளைகள் இந்த நாளங்களே.

இந்தக் குழாய்கள் ஏறக்குறைய எல்லாமே அடிமரத்தின் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. வைக்கோல் தாள்களை நெருக்கிக் கட்டிய கட்டை நினைத்துக்கொண்டால் மரத்தின் குணம் எளிதில் பிடிபடும். நீளவாக்கில் இழுத்து அறுப்பது கடினம், பக்கவாட்டில் பிரிப்பது எளிது. மரம் நார்வாக்கில் தாங்கும் இழுவிசை, குறுக்குவாக்கில் தாங்குவதைப் போல இருபது மடங்குக்கும் மேல். கோடரி விறகை நீளவாக்கில் ஒரே அடியில் பிளப்பதும், குறுக்கே பல வெட்டு கேட்பதும் இதன் விளைவே. நாற்காலிக் காலைச் செதுக்கும்போது நார் காலின் நீளத்தோடு ஓடாமல் சாய்வாக வெளியேறினால், அந்தச் சாய்வில்தான் ஒருநாள் கால் முறியும்.

செல்சுவரை ஆக்கியிருப்பவை மூன்று பொருள்கள். எடையில் பாதியை நெருங்குவது செல்லுலோஸ். அது மெல்லிய நுண்ணிழைகளாகச் சுவரில் சுற்றப்பட்டிருக்கிறது. அவற்றுக்கிடையே ஹெமிசெல்லுலோஸ் நிரம்பியிருக்க, லிக்னின் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து விறைப்பைத் தருகிறது. வியப்பான உண்மை ஒன்று இதில் உண்டு. எந்த மரமானாலும் செல்சுவரின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றுதான்: ஒரு கன மீட்டருக்கு 1,500 கிலோ. அதாவது எல்லா மரங்களின் சுவர்ப்பொருளும் நீரில் மூழ்கக்கூடியதே. கட்டை மிதப்பது குழாய்களுக்குள் இருக்கும் காற்றால்தான். சுவர் மெலிந்து உள்வெளி பெரிதாக உள்ள பால்சா மரம் கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோ; தேக்கு சுமார் 650; சுவர் தடித்து உள்வெளி ஒடுங்கிய லிக்னம் வைட்டே 1,200-ஐத் தாண்டி நீரில் மூழ்கிவிடும். ஆகவே, கையில் கனக்கும் பலகை வலுவானதாகவும் இருக்கும் என்று ஓர் ஆசாரி சொன்னால் அதற்கு நல்ல அடிப்படை உண்டு.

இனி நீர். பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்குகிறது. குழாய்களின் உள்வெளியில் நிற்பது கட்டற்ற நீர். செல்சுவரின் நுண்ணிழைகளுக்கு இடையே புகுந்து மூலக்கூறு அளவில் பிணைந்திருப்பது பிணைப்பு நீர். ஈர அளவை உலர்ந்த கட்டையின் எடைக்கு இத்தனை விழுக்காடு என்று கணக்கிடுவது வழக்கம். அதனால் புதிதாக வெட்டிய சில மரங்களில் அது 100 விழுக்காட்டையும் தாண்டும். கட்டையைவிட நீரின் எடை கூடுதல் என்பது அதன் பொருள். மரம் உலரும்போது முதலில் போவது கட்டற்ற நீர். அது போகும்வரை எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரம் 28 முதல் 30 விழுக்காட்டுக்கு வரும்போது குழாய்கள் காலியாகி, சுவர்கள் மட்டும் நிறைந்திருக்கும். இந்த நிலைக்கு நார்ச் செறிவுப் புள்ளி என்று பெயர். அதற்குக் கீழே இறங்கினால்தான் சுவரிலிருந்து நீர் வெளியேறி, நுண்ணிழைகள் ஒன்றையொன்று நெருங்கி, மரம் சுருங்கத் தொடங்குகிறது.

நுண்ணிழைகள் பெரும்பாலும் நார்வாக்கிலேயே கிடப்பதால் நீர் புகும்போது அவை பக்கவாட்டில் விலகுகின்றன. நீளத்தில் அவ்வளவாக மாற்றமில்லை. பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்வரை பெரும்பாலான மரங்கள் நீளவாக்கில் 0.1 முதல் 0.2 விழுக்காடு மட்டுமே சுருங்குகின்றன. குறுக்கே நிலைமை வேறு. அங்கும் இரண்டு திசைகள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் சுருக்கம் குறைவு. ஆண்டு வளையங்களை ஒட்டிச் செல்லும் சுற்றுத் திசையில் அது ஏறத்தாழ இரு மடங்கு. மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் கதிர்த்திசுக்கள் ஆரத் திசையில் சுருக்கத்தைத் தடுத்துப் பிடிப்பது இதற்கு ஒரு காரணம்.

வெயிலில் கிடக்கும் உருளைக் கட்டை ஏன் வெடிக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. வட்டத்தின் ஆரம் குறையும் விகிதத்திலேயே சுற்றளவும் குறைந்தால் கட்டை சிறுத்து, முழுதாக நிற்கும். ஆனால் சுற்றளவு ஆரத்தைவிட வேகமாகக் குறைய முயல்கிறது. வட்டத்தின் கணிதம் அதற்கு இடம் தராது. இழுவிசை தாங்காமல் பட்டைப் பக்கமிருந்து மையத்தை நோக்கி ஒரு வெடிப்பு திறக்கிறது. மையத்தைத் தன்னுள் கொண்ட கனத்த கட்டையை வெடிக்காமல் உலர்த்துவது அனுபவசாலிகளுக்கும் கடினமான வேலை. புதிதாகத் தொடங்குபவர் மையம் உள்ள பலகையை வாங்காமல் தவிர்ப்பதே நல்லது.

பலகை அறுக்கும் முறையையும் இதே விதி ஆளுகிறது. மரத்தை ஒரு பக்கத்திலிருந்து அடுக்கடுக்காக அறுத்துக்கொண்டே போனால் சேதாரம் குறைவு. வளையங்கள் பலகையின் முகத்தில் மலைமலையாக அழகிய கோலமிடும். ஆனால் இந்தப் பலகையின் அகலம் சுற்றுத் திசையில் அமைவதால் சுருக்கம் அதிகம். உலரும்போது பட்டைப் பக்கம் குழிந்து வளையவும் செய்யும். ஆரத்தின் திசையில் அறுத்த பலகையில் வளையங்கள் நேர்கோடுகளாக ஓடும். கிடைப்பது குறைவு, விலை கூடுதல். ஆனால் அது பாதியளவே நகரும், தட்டையாகவே நிற்கும். பலகையைப் புரட்டி அதன் வெட்டுமுனையைப் பார்த்தால் போதும்: வளையக் கோடுகள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அது நிலைத்த பலகை.

எவ்வளவு நகரும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1910-இல் தொடங்கப்பட்ட வனப்பொருள் ஆய்வகம் 1935 முதல் வெளியிட்டுவரும் மரக் கையேட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட மரவகைகளின் சுருக்க அளவுகள் உள்ளன. இந்திய மரங்களைப் பற்றிய இத்தகைய ஆய்வை டேராடூனில் 1906-இல் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் செய்துவந்திருக்கிறது. தேக்கின் முழுச் சுருக்கம் சுற்றுத் திசையில் 5.8 விழுக்காடு, ஆரத் திசையில் 2.5 விழுக்காடு. மரங்களுக்குள் இது குறைவான அளவு. தேக்கின் பெருமைக்கு இதுவும் ஒரு காரணம். இந்தச் சுருக்கம் 30 விழுக்காடு ஈரம் போகும்போது நிகழ்வது. எனவே ஈரம் ஒரு விழுக்காடு மாறினால் சுற்றுத் திசையில் அகலம் ஏறத்தாழ 0.19 விழுக்காடு மாறும்.

காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப மரம் தன் ஈரத்தைச் சமன்செய்துகொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக நிலைத்தால் மரத்தின் ஈரம் சுமார் 9 விழுக்காட்டில் நிற்கும். 65-இல் சுமார் 12. 80-இல் சுமார் 16. அடைமழைக் காலத்துச் சென்னையில், திறந்த கூடத்தில், 300 மி.மீ. அகலமுள்ள ஒரு தேக்குப் பலகையை வைத்து மேசை செய்ததாகக் கொள்வோம். அதே மேசை பின்னர் நாள் முழுதும் குளிர்சாதனம் ஓடும் அறைக்குப் போகிறது. ஈரம் 16-லிருந்து 9-க்கு இறங்கும்போது பலகை 4 மி.மீ. சுருங்கியிருக்கும். அதுவே ஆரத் திசையில் அறுத்த பலகையானால் 2 மி.மீ.க்கும் குறைவு. நீளத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றமே இருக்காது. தேக்குக்கே இப்படி என்றால், நன்றாக உலராத மற்ற மரங்களில் இது இரு மடங்காகவும் போகலாம். இந்த 4 மி.மீ. எங்கே போகும் என்று வரைபடம் போடும்போதே கேட்டுக்கொள்வதுதான் மரவேலையில் தேர்ச்சியின் அடையாளம்.

பச்சை மரத்தை முறையாக உலர்த்துவது இதனால் தவிர்க்க முடியாத வேலையாகிறது. வெட்டுமுனை வழியாக நீர் மற்றப் பரப்பைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக வெளியேறும். முனை மட்டும் முந்திச் சுருங்கி வெடித்துவிடும். அதனால்தான் மரவாடிகளில் பலகை முனைகளுக்குப் பெயின்ட்டோ மெழுகோ தடவி வைக்கிறார்கள். பலகைகளுக்கிடையே ஒரே கனமுள்ள குச்சிகளைச் சம இடைவெளியில் வைத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில், தரைக்கு மேலே அடுக்க வேண்டும். குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று நேர்க்கோட்டில் அமையாவிட்டால் பலகை அலையலையாக வளையும். ஓர் அங்குலப் பலகைக்கு இந்த வழியில் பல மாதங்கள் பிடிக்கும். கனம் கூடக் கூடக் காலம் மிக வேகமாக நீளும். ஈரமானி இல்லாதவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பலகையை வாரம் ஒருமுறை நிறுத்து எடையைக் குறித்துவர வேண்டும். எடை குறைவது நின்றுவிட்டால் அது அந்த இடத்துக் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. கடையில் உலர்ந்த மரம் என்று வாங்கியதையும் வேலை செய்யப்போகும் வீட்டிலேயே இரண்டு மூன்று வாரம் குச்சி வைத்து அடுக்கிவிட்டுத் தொடுவது நல்லது.

பழைய மரத்தின் மதிப்பு இங்கே விளங்கும். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள், பழைய வீடுகளிலிருந்து கழற்றிய ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். உத்தரமாகவோ தூணாகவோ பல பத்தாண்டுகள் நின்ற அந்தக் கட்டை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. துளை பிசகினால் சுருதி பிசகும் கருவிக்கு அதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. 2022-இல் இந்த நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பொழுதுபோக்காகச் செய்பவருக்கும் இடிக்கப்பட்ட வீடுகளின் கதவும் சன்னல் சட்டமும் அருமையான மூலப்பொருள்; ஆணி மிச்சமிருக்கிறதா என்று காந்தம் கொண்டு தடவிப் பார்த்தபின்பே இழைப்புளியை வைக்க வேண்டும்.

மரத் தேர்வில் இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. அடிமரத்தின் வெளிப்பகுதி வெளிர்நிறமாக இருக்கும். நீரை ஏற்றியதும் மாவுச்சத்தைச் சேமித்ததும் அதுவே. மரம் வயதாகும்போது உட்பகுதி இந்த வேலையிலிருந்து ஓய்வுபெறுகிறது. அதன் செல்களில் பலவகை வேதிப்பொருள்கள் படிந்து நிறம் கறுக்கிறது. இதுவே வைரம். தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாததற்கு அதில் படிந்த குயினோன் வகைப் பொருள்கள் முக்கியமான காரணம். வெளிர்ப்பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை, அது தேக்கானாலும். மாவுச்சத்தை நாடும் துளைவண்டுகள் மா, ரப்பர் போன்ற மரங்களைக் குடைந்து மாவாக்கிவிடும். ரப்பர் மரத்தை அறைகலனாக்கும் ஆலைகள் அதில் போரான் உப்புகளை ஏற்றுவதும், கிராமங்களில் மரத்தைக் குளத்தில் ஊறப்போட்டதும் இந்த வண்டுகளுக்காகவே. ஊறும்போது மாவும் சர்க்கரையும் கரைந்து வெளியேறுகின்றன.

தமிழகத்துக் கைவினைகள் ஒவ்வொன்றும் தனக்கேற்ற மரத்தைத் தேர்ந்துகொண்டிருக்கின்றன. தஞ்சாவூர் வீணைக்குப் பலா; குடம் முதல் தண்டி வரை ஒரே கட்டையில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. கோயில் தேர்களுக்கு இலுப்பை. மரப்பாச்சிக்குச் செம்மரம். பனை தனி இனம். அதற்குக் கேம்பியமும் இல்லை, ஆண்டு வளையமும் இல்லை. வலுவான நார்க்கற்றைகள் வெளிவட்டத்தில் நெருங்கி, உள்ளே போகப்போகக் குறைவதால் ஓரம் இரும்பாகவும் நடு சோறாகவும் இருக்கும். கூரைச் சட்டத்துக்கு ஓரத்தை மட்டும் எடுப்பது அதனால்தான். தொடக்கநிலையில் இருப்பவருக்குத் தேக்கு நல்ல மரம்தான் என்றாலும் அதிலுள்ள சிலிக்கா உளியின் முனையை விரைவில் மழுங்கடிக்கும், விலையும் கையைக் கடிக்கும். மா, பலா, வேம்பு, பூவரசு ஆகியவை உள்ளூரிலேயே கிடைக்கும். பழகுவதற்கு இவற்றைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

ஒட்டுப்பலகை இந்த நகர்வுச் சிக்கலுக்குத் தொழிற்சாலை கண்ட தீர்வு. மெல்லிய தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்கான நார்த்திசையில் ஒட்டும்போது, ஒவ்வொரு தகடும் அடுத்ததன் நகர்வைத் தடுத்துவிடுகிறது. இருபுறமும் சமமாக இருக்க அடுக்குகளின் எண்ணிக்கை பெரும்பாலும் ஒற்றைப்படையாக அமையும். அறைக்குள் வைக்கும் பொருளுக்கு ஈரத்தை ஓரளவு தாங்கும் எம்.ஆர். தரம் போதும், சமையலறைத் தொட்டிக்கு அடியிலோ குளியலறையிலோ ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையைத்தான் நம்பலாம். அலமாரியின் முதுகுக்கும் இழுப்பறையின் அடிக்கும் ஒட்டுப்பலகையைப் பயன்படுத்துவதில் குறைவொன்றும் இல்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, நாரின் திசையே அவற்றின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. நார்வாக்கில் அறுக்கும் ரம்பத்தின் பற்கள் ஒவ்வொன்றும் சிறு உளி. நாரைத் தோண்டி எடுத்துச் செல்லும். குறுக்கே அறுக்கும் ரம்பத்தின் பற்கள் பக்கவாட்டில் சாய்த்து அராவப்பட்ட சிறு கத்திகள். இருபுறமும் நாரை முதலில் அறுத்துவிட்டுப் பின்னரே துகளை வெளியேற்றும். ஒன்றின் வேலைக்கு மற்றொன்றைப் பயன்படுத்தினால் முதலாவது பிய்க்கும், இரண்டாவது நகராது. பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்ப்பது, வெட்டுத்தடம் தகட்டைவிட அகலமாகி ரம்பம் சிக்காமல் ஓடுவதற்காக. ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கிறது. இழுவிசையில் தகடு நேராக நிற்கும், தள்ளுவிசையில் வளைய முயலும். எனவே இழுக்கும் ரம்பத்தை மிக மெல்லிய தகட்டில் செய்ய முடிகிறது.

இழைப்புளியின் இயக்கம் கூர்ந்து நோக்கத் தக்கது. வழக்கமாக 45 பாகையில் சாய்ந்திருக்கும் அலகு சுருளை மேலே தூக்கும்போது, அலகின் முனைக்கு முன்பாகவே மரத்தில் ஒரு நுண்பிளவு ஓடுகிறது. நாரின் போக்கோடு இழைத்தால் அந்தப் பிளவு மேல்நோக்கி வெளியேறிவிடும். பரப்பு வழவழப்பாக வரும். எதிர்ப்போக்கில் இழைத்தால் பிளவு மரத்துக்குள் இறங்கி, பரப்பு பிசிறி, குழிகள் விழும். அலகின் மேல் ஓர் இரும்புத் தகட்டை முனைக்கு மிக அருகில் பொருத்துவது, சுருளை உடனே மடக்கி ஒடித்துப் பிளவு முன்னே ஓடாமல் நிறுத்துவதற்காக. கணு இருக்கும் இடத்தில் நார் கிளையைச் சுற்றி வளைந்து போவதால், எந்தப் பக்கம் இழைத்தாலும் பாதி தூரம் எதிர்ப்போக்காகவே இருக்கும். அங்கே அலகைக் கூராக்கி, மிக மெல்லிய சுருளாக எடுப்பதே வழி.

கூர்மை என்பது இரண்டு தளங்கள் சந்திக்கும் விளிம்பு எவ்வளவு மெல்லியது என்பது. உளியின் சாய்ந்த முகத்தை மட்டும் தீட்டி முதுகை விட்டுவிட்டால் கூர் வராது. இரண்டு பக்கமும் வழவழப்பாக இருக்க வேண்டும். சாய்முகத்துக்கு 25 பாகை பொதுவான அளவு. கடின மரத்துக்கு 30. சாய்வு குறையக் குறைய வெட்டுவது எளிதாகும், ஆனால் முனை விரைவில் உதிரும். எண்ணெய்க்கல்லில் தீட்டும்போது மறுபக்கம் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் விளிம்புவரை தீட்டியாயிற்று என்று பொருள். பிறகு நுண்ணிய கல்லில் இருபுறமும் மாற்றி மாற்றித் தேய்த்து அதை நீக்க வேண்டும். மழுங்கிய உளிதான் ஆபத்தானது. அதற்கு அதிக விசை தேவைப்படும்; விசை கூடினால் கட்டுப்பாடு குறையும்; கை நழுவும். தொடக்கத்திலேயே நல்ல சாணைக்கல் ஒன்றை வாங்குபவர், விலையுயர்ந்த உளித் தொகுதியை வாங்கியவரைவிட வேகமாக முன்னேறுவார்.

இணைப்புகள் மனித வரலாற்றில் வியக்கத்தக்க தொன்மை உடையவை. ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் கலம்போ அருவியருகே, ஒன்றின்மேல் ஒன்று பொருந்துமாறு வெட்டிய இரு மரத்துண்டுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஏறத்தாழ 4,76,000 ஆண்டுகளுக்கு முன் என 2023-இல் அறிவிக்கப்பட்டது. இன்றைய மனித இனம் தோன்றும் முன்பே யாரோ அந்தப் பள்ளத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் பகுதியில் 7,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கிணறுகளின் ஓக் மரச் சுவர்களில் கழுந்து இணைப்புகளே இருக்கின்றன. சட்டத்தின் முனையை நாக்காக்கி, மற்றொன்றில் பொளிந்த துளைக்குள் இறுக்கமாகச் செருகும் அதே முறைதான் இன்றும் கதவு நிலைக்கும் நாற்காலிக்கும் முதுகெலும்பு.

சட்டமிட்ட கதவில் இந்த அறிவு முழுமை பெறுகிறது. அகலமான பலகைகளை ஒன்றாக ஒட்டி ஒரே கதவாக்கினால் அது பருவத்துக்குப் பருவம் பல மில்லிமீட்டர் அசையும். மாறாகக் குறுகிய நான்கு சட்டங்களைக் கழுந்திட்டுக் கட்டி, உட்புறத்தில் பள்ளம் எடுத்து, நடுப்பலகையைப் பசையின்றி அதற்குள் செருகிவிட்டால், பலகை பள்ளத்துக்குள்ளேயே விரிந்து சுருங்கிக்கொள்ளும். கதவின் வெளியளவு மாறாது. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவுகள் முதல் சாதாரண அலமாரிக் கதவு வரை இந்த ஏற்பாட்டைக் காணலாம். நடுப்பலகையை நான்கு பக்கமும் பசை வைத்து ஒட்டுவது புதியவர்கள் செய்யும் பெரும்பிழை. அடுத்த கோடையில் அது நடுவில் பிளந்து நிற்கும். மேசையின் மேற்பலகைக்கும் இதே விதி. அதைச் சட்டத்தோடு குறுக்கே இறுக ஆணியடிக்காமல், நீள்துளையிட்ட தகட்டிலோ பள்ளத்தில் நகரும் கட்டையிலோ திருகி, அசைய இடம் விட வேண்டும்.

பசையும் நாரின் திசையைப் பார்த்தே பிடிக்கிறது. இந்தியாவில் 1959 முதல் விற்பனையாகும் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, பாலிவினைல் அசிட்டேட் துகள்கள் நீரில் மிதக்கும் கலவை. நீர் மரத்துக்குள் உறிஞ்சப்படும்போது துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்து படலமாகின்றன. பக்கத்தோடு பக்கம் பொருந்திய இரண்டு பலகைகளைச் சரியாக ஒட்டிவிட்டால், பின்னர் வலிந்து பிரித்தாலும் ஒட்டு விடாது. பக்கத்திலுள்ள மரம்தான் பிளக்கும். வெட்டுமுனையில் பசை குழாய்களுக்குள் இறங்கிவிடுவதால் அந்த வலு கிடைப்பதில்லை. கழுந்தும், புறாவால் வடிவில் வெட்டிக் கோக்கும் பூட்டும் வெட்டுமுனையை நம்பாமல் நீளவாக்குப் பரப்புகளைச் சந்திக்கவைப்பதால்தான் அவை நீடித்து உழைக்கின்றன. பசை தடித்திருந்தால் வலு கூடும் என்ற எண்ணம் தவறு. மெல்லிய படலமும், இடைவெளியற்ற பொருத்தமும், கவ்விகளால் சீரான அழுத்தமும் போதும். முழு வலுவுக்கு ஒரு நாள் விட வேண்டும்.

மேற்பூச்சு ஈரத்தை முற்றாகத் தடுப்பதில்லை; அதன் வரவையும் போக்கையும் மெதுவாக்குகிறது. ஒரு முகத்தில் மட்டும் பூசி அடிப்பக்கத்தை வெறுமனே விட்டால் இரண்டு முகமும் வெவ்வேறு வேகத்தில் ஈரம் மாறி, பலகை வளையும். இந்தியா தந்த பழைய பூச்சு அரக்கு. கெர்ரியா லாக்கா என்ற பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசினைத் தூய்மையாக்கி, சாராயத்தில் கரைத்துப் பூசுகிறார்கள். கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும் நெல்லைச் சீமையின் அம்பாசமுத்திரத்திலும் கடைசலில் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வு வெப்பத்தில் அது உருகிப் படர்கிறது.

எண்ணெய்ப் பூச்சு வேறு வகை. ஆளிவிதை எண்ணெயின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. அவை காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான படலமாகின்றன. இங்கே உலர்வது என்பது ஆவியாவது அல்ல. தேங்காயெண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு, ஆகவே அது என்றைக்கும் உலராது. தூசியைப் பிடித்துவைக்கும் பிசுக்காகவே தங்கும். ஆளிவிதை எண்ணெயின் வினை வெப்பத்தை உமிழ்கிறது. எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி அவை தாமாகவே தீப்பற்றலாம். துணியை விரித்துக் காயவிட வேண்டும், அல்லது நீரில் ஊறவைத்துக் கழிக்க வேண்டும்.

மரத்தூளைப் பலர் தீங்கற்றதாகவே கருதுகிறார்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நீண்டகாலம் அதிகத் தூளைச் சுவாசித்த தொழிலாளர்களிடம் மூக்குப் பகுதிப் புற்றுநோய் மிகுந்திருந்ததே அதற்கு ஆதாரம். கண்ணுக்குத் தெரியும் சுருள்களால் ஆபத்தில்லை. உப்புத்தாள் தேய்க்கும்போதும் மின்ரம்பம் ஓடும்போதும் எழும் நுண்தூள்தான் நுரையீரல்வரை போகும். தேக்கு, ஈட்டி ஆகியவற்றின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் தரும். என்95 முகக்கவசமும் கண்ணாடியும் வாங்கும் செலவு ஓர் உளியின் விலைகூட ஆகாது. கைக்கருவியால் தொடங்குவதன் பெரிய நன்மையும் இதுவே: இழைப்புளி தூளுக்குப் பதில் சுருளைத் தருகிறது, அண்டைவீட்டாரின் உறக்கத்தையும் கெடுப்பதில்லை.

சிறுபொருளிலிருந்து தொடங்கும் முறைக்கு நல்ல முன்மாதிரி உண்டு. பின்லாந்து 1866-இலேயே கைத்தொழிலைக் கிராமப் பள்ளிப் பாடமாக்கியது. ஸ்வீடனின் நேஸ் என்ற ஊரில் ஓட்டோ சாலமன், ஸ்லாய்டு என்ற மரவேலைக் கல்விமுறையை வளர்த்தெடுத்தார். கத்தியால் மட்டும் செதுக்கும் சிறு குச்சியில் தொடங்கி, ஒவ்வொரு பொருளும் ஒரு புதிய கருவியையோ புதிய இணைப்பையோ கற்றுத்தரும்படி அவர் வரிசை அமைத்தார். செய்த பொருள் வீட்டில் பயன்பட வேண்டும் என்பதும் அவருடைய விதி.

இப்படித் தொடங்கும் புதியவரின் முதல் சில மாதங்களுக்கு ஓர் அறுப்பு ரம்பம், 12 மற்றும் 25 மி.மீ. உளிகள், ஒரு கொட்டாப்புளி, ஓர் இழைப்புளி, மூலைமட்டம், இரண்டு மூன்று கவ்விகள், சாணைக்கல் ஆகியவை போதும். கரண்டி, பிறகு ஓர் அடுக்குப்பலகை, அதன்பின் மூடியுள்ள அஞ்சறைப்பெட்டி என்று போகலாம். பெட்டியின் அடிப்பலகையை ஒட்டாமல் பள்ளத்தில் செருகி, இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் இடம் விட்டுச் செய்து பாருங்கள். மழைக்காலம் முழுவதும் மூடியும் அடியும் சிக்காமல் வெடிக்காமல் இருந்தால், அடுத்ததாக ஒரு முக்காலிக்கு மரம் வாங்கலாம்.